சங்கரவடிவு சார்ஜ் எடுத்த மத்தியானம்

தள்ளி உட்கார்ந்தால் காதில் விழாது. நாற்காலியை இழுத்து இந்தப் பக்கமாகப் போட்டுக்கொள்ளுங்கள், முழங்கால் இடித்தாலும் பரவாயில்லை. இது சத்தம் போட்டுச் சொல்கிற சமாச்சாரம் இல்லை. ஒரு பொம்பளை இருபத்தஞ்சு நிமிஷம் தனக்குள்ளேயே மல்லுக்கட்டினது. சங்கரவடிவு என்று பேர். வீட்டுக்காரர் காலமான பிறகு வாரிசு என்கிற முறையில் அவர் வேலை இவளுக்குக் கிடைத்தது. பாறைக்குளம் ரோட்டில் ஒரு சப்ஸ்டேஷன், அதில் ஒன்பது வருஷமாக இருக்கிறாள். பெரிய கம்பியில் வருகிற கரண்ட்டைச் சுத்துப்பட்டு ஊர்களுக்குப் பிரித்துவிடுகிற இடம். உள்ளே பீரோ மாதிரி இரும்புப் பெட்டிகள் வரிசையாக நிற்கும், ஊர் லைனுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி. இடது பக்கம் திருப்பினால் ஊர் அணைந்துவிடும், வலது பக்கம் திருப்பினால் எரியும். பார்க்கப்போனால் அவ்வளவுதான் வேலை. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டு முப்பத்தஞ்சுக்கு அவள் பாறைக்குளம் பெட்டி முன்னால் நின்று கைப்பிடி மேல் வலது கையை வைத்தாள். வைத்த கை வைத்தபடியே இருந்தது.

ரெண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் லைன்மேன் ஆவுடையப்பன் போன் பண்ணியிருந்தான். “யக்கா, ஆவுடை பேசுதேன். பாறைக்குளம் லைன்ல நம்ம வேலை முடிஞ்சுது. ஆளு, சாமான் எல்லாம் கீழ இறங்கியாச்சு. எல்.சி. ரிட்டர்ன். நீங்க சார்ஜ் பண்ணிக்கிடுங்க.” சார்ஜ் பண்ணுவது என்றால் லைனில் கரண்ட்டைத் திரும்ப விடுவது. எல்.சி. என்றாலும் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கம்பத்தில் ஏறப்போகிறவன் முதலில் சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, நான் இன்னார், இந்த லைனில் ஏறப்போகிறேன், அணைத்துவிடு என்று சொல்லணும். அதை நோட்டில் எழுதிக்கொண்டு அணைப்பார்கள். வேலை முடிந்ததும் வாங்கினவனே, அவன் வாயாலேயே, அதைத் திருப்பிக் கொடுக்கணும். அண்ணன் தம்பி சொன்னாலும் செல்லாது, ஆபீஸர் சொன்னாலும் செல்லாது. அதுவரைக்கும் அந்தக் கைப்பிடியை யாரும் தொடக்கூடாது. நோட்டைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பன்னிரண்டு அம்பதுக்கு ஆவுடை வாங்கியிருக்கிறான், எழுதினது முந்தின ஷிப்ட் திரவியம். ரெண்டு முப்பத்திமூணுக்கு ஆவுடை திருப்பிவிட்டான், எழுதினது இவள். வாங்கினது ஒன்று, வந்தது ஒன்று. திருப்பவேண்டியதுதானே. திருப்பவேண்டியதுதான் என்று கையும் சொல்லிற்று. அப்போதுதான் தலைக்குள்ளே திரவியம் அண்ணாச்சியின் குரல் ஒரு வரி பேசியது: லிங்கதுரையும் அதே எல்.சி.லதான் நிக்கான் தாயி, பாத்துக்கோ.

லிங்கதுரை இன்னொரு லைன்மேன். எங்கேயிருந்து வந்தது இது. இன்றைக்கு ரெண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது சொன்னாரா, போன செவ்வாய்க்கிழமை சொன்னாரா. செவ்வாய்க்கிழமையும் இதே பாறைக்குளம் லைன், இதே ஆவுடை, இதே ரெண்டு மணி. லைன் ஆட்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு, எந்தப் புத்தகத்திலும் வராத பழக்கம். ஒருத்தன் எல்.சி. வாங்கி லைன் அணைந்து கிடக்கிறது என்றால், அதே லைனில் வேறு மூலையில் சின்ன வேலை வைத்திருக்கிறவன் தனியாக இன்னொன்று வாங்கமாட்டான். வாங்கினால் எழுதணும், நம்பர் போடணும், திருப்பணும், யார் மெனக்கெடுவது. “அண்ணாச்சி, ஆவுடை போட்டிருக்கான்லா, அதுலயே நானும் ஏறிக்கிடுதேன், பத்து நிமிஷம்” என்று வாயால் ஒரு வார்த்தை. ஷிப்ட் மாறினால் போகிறவர் வருகிறவரிடம் அதையும் வாயாலேயே சொல்லிவிட்டுப் போவார். ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லை. அதனால் அதுவே ஒரு முறை மாதிரி ஆகிப்போயிற்று. அவள் கையை எடுத்துவிட்டு மேஜைக்கு வந்து நோட்டைப் புரட்டினாள். செவ்வாய்க்கிழமைப் பக்கம்: ஆவுடை வாங்கினது, ஆவுடை திருப்பினது. லிங்கதுரை பேர் இல்லை. இருக்காது. இன்றைக்குப் பக்கம்: ஆவுடை வாங்கினது, ஆவுடை திருப்பினது. லிங்கதுரை பேர் இல்லை. இருக்காது. ரெண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி கிடந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டு திரவியத்தைக் கேட்டில் நிறுத்திப் பார்த்தாள். பைக்கில் உட்கார்ந்திருக்கிறார், ஹெல்மெட் மாட்டியிருக்கிறார், வாய் அசைகிறது. என்ன சட்டை? இன்றைக்கு மச்சினன் பிள்ளைக்குக் காதுகுத்து என்று வெள்ளைச் சட்டை போட்டு, ஹேண்டில்பாரில் மஞ்சப்பையில் மல்லிகைப்பூ தொங்கவிட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை சாரல், மழைக்கோட்டு. மல்லிகைப்பூவை நினைத்ததும் அந்தக் குரலுக்குப் பூவாசம் வந்தது. மழைக்கோட்டை நினைத்ததும் அதே குரல் ஈரமாக, ரப்பர் வாசத்தோடு வந்தது. ஏ பாவி மனசே, நீ எதைக் கேட்டாலும் எடுத்துத் தருவாய் போலிருக்கே.

ரெண்டு மணிக்கு நீ என்ன செய்துகொண்டிருந்தாய், அதைச் சொல்லு முதலில் என்று தன்னையே கேட்டாள். கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். 'சார்ஜ் எடுத்துக்கொண்டேன்' என்று எழுதி, கீழே பேர். எழுதும்போது எனக்குள் சிரித்தேன். எதுக்குச் சிரித்தாய்? காலையில் மகள் சண்முகப்பிரியா சொன்னதை நினைத்து. காலேஜில் இங்கிலீஷ் படிக்கிறவள், தோசைக்கு உட்கார்ந்தபடியே கேலி பண்ணினாள். “எம்மா, உனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு எவன் சொன்னது? ஒரே வார்த்தையை வச்சே ஒரு நாள் முழுக்க ஓட்டிருத.” என்ன வார்த்தைட்டி என்றால் விரலை மடக்கிச் சொல்கிறாள். போன்ல சார்ஜ் நிக்க மாட்டேங்கு. பஸ் சார்ஜ் ஏத்திட்டான். சார்ஜ் எடுக்க நேரமாச்சு. லைனை சார்ஜ் பண்ணணும். இன்சார்ஜ் வைதாரு. சார்ஜ் மெமோ வந்திருக்கு. “இதெல்லாம் ஒண்ணா, வேற வேறயாட்டி?” “எல்லாம் ஒரு வயித்துப் பிள்ளைகதாம்மா. ஆதியில அதுக்கு வண்டியில பாரம் ஏத்துறதுன்னுதான் அர்த்தமாம், மிஸ் சொன்னாங்க.” வண்டியில் பாரம். அது காலையிலிருந்து கூடவே வந்துகொண்டிருந்தது, செருப்பில் ஒட்டின தார் மாதிரி. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் அந்த அர்த்தத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். போனில் பாரம் இல்லை. லைனில் பாரம் ஏற்றணும். சிலதுக்குச் சேர்ந்தது, சிலதுக்குச் சேரவில்லை. ரெண்டு மணிக்குக் கையெழுத்துப் போடும்போது, அப்படியென்றால் பாரத்தை வாங்கிக்கொண்டேன் என்றா இத்தனை வருஷம் எழுதியிருக்கேன் என்று நினைத்துச் சிரித்தாள். அந்த நேரம்தான் திரவியம் பைக்கை உதைத்துவிட்டு ஏதோ சொன்னார். சொன்னார், அது உறுதி. இவளும் “சரி அண்ணாச்சி” என்றாள், அதுவும் உறுதி. எதுக்குச் சரி என்றாள்? காதுகுத்துக்கு வாழ்த்தவா? கேட்டை இழுத்துப் பூட்டச் சொன்னதுக்கா? உசிரோடு கம்பத்தில் நிற்கிற ஒரு ஆளை ஒப்படைத்ததுக்கா?

மேஜைப் போன் அடித்தது. ஏ.இ. சார், இவளுக்கு மேலே உள்ள என்ஜினீயர். சின்ன வயசு, சேலம் பக்கத்துக்காரர், வந்து எட்டு மாசம்தான் ஆகிறது. “என்னம்மா, ஆவுடை ரிட்டர்ன் குடுத்துட்டேன்னு எனக்குச் சொல்லிட்டான். இங்க இன்னும் கரண்ட் வரல. ஏன் சார்ஜ் பண்ணல?” “சார், லிங்கதுரை அந்த லைன்ல நிக்கானோன்னு ஒரு சந்தேகம் சார்.” “லிங்கதுரையா? அவன் இன்னைக்கு லீவும்மா. லெட்டர் என் மேஜையில இருக்கு. நான் பாறைக்குளத்துல பந்தல்ல நிக்கிறேன், தண்ணி டேங்க் திறப்பு விழா. மூணு மணிக்கு பெரிய ஆபீஸர் பட்டன் அமுக்கணும், தண்ணி வரணும். புரியுதா?” “சார், அங்கதான் இருக்கீங்க, யாரையாச்சும் விட்டு கம்பத்தையெல்லாம் ஒரு பார்வை பாக்கச் சொன்னா...” “நூத்தம்பது கம்பம் இருக்கு இந்த லைன்ல. மாலையைக் கையில வச்சுக்கிட்டு நான் கம்பம் எண்ணிக்கிட்டு இருக்கவா? போட்டு விடுங்க.” போனை வைத்த பிறகு லீவு என்கிற சொல் கொஞ்ச நேரம் இதமாக இருந்தது. லீவு. வீட்டில் படுத்துத் தூங்குகிறான். அப்பாடா. நாலு மூச்சு விட்டிருப்பாள். உடனே அதுவும் பிசகியது. லிங்கதுரை லீவில் இருந்தால் மட்டும் என்ன? பாறைக்குளம் அவன் மாமியார் ஊர். ஊர்க்காரன் எவனாவது, மாப்ளே, டேங்க் மோட்டாருக்குக் கரண்ட் இழுக்கிற இடத்தில் நெருப்புப் பொறி பறக்குது, ஆபீஸர் வார நேரம், வந்து பாரு என்று கூப்பிட்டால் சோற்றுக் கையைக் கழுவிவிட்டு ஏறுவான். லீவு லெட்டர் மேஜையில்தான் இருக்கும், ஆள் கம்பத்தில் இருப்பான். அல்லது இல்லை. அல்லது இதெல்லாம் இவளாகக் கட்டுகிறது.

ஏற்கெனவே ஒரு தடவை இப்படிக் கட்டினவள்தானே. சித்திரை மாசம், இதே நாற்காலி. ஆவுடை வாங்கின எல்.சி.யை வேறொருத்தன் போன் பண்ணித் திருப்பினான், “ஆவுடைதான் சொல்லச் சொன்னான்” என்று. அவன் வாயால் வரட்டும் என்று இவள் போடாமல் உட்கார்ந்துவிட்டாள். ஆவுடை டீக்கடையில் நின்று வடை தின்றுவிட்டு நிதானமாக நாற்பது நிமிஷம் கழித்துக் கூப்பிட்டான். கம்பத்தில் ஒருத்தரும் இல்லை, ஒரு காக்கா கூட இல்லை. ஐஸ் கம்பெனியில் ஐஸ் எல்லாம் உருகி ஓடி, அவர்கள் புகார் கொடுத்து, இவளுக்கு ஒரு நீளக் காகிதம் வந்தது. லைனை சார்ஜ் பண்ணத் தாமதித்தது குற்றம் என்று சார்ஜ் மெமோ. சண்முகப்பிரியாதான் படித்து அர்த்தம் சொன்னாள். அதிலிருந்து ஆபீஸில் இவளைக் கண்டால், 'ரிட்டர்ன் சொல்லிட்டுப் போங்கலே, இல்லேன்னா யக்கா டீ கூட குடிக்க விடமாட்டாக' என்று ஒரு சிரிப்பு. இன்னொரு மெமோ வந்தால் மாத்தல் நிச்சயம் என்று ஆபீஸ் கிளார்க் காதோடு சொல்லியிருந்தார். மாத்தல் என்றால் மலைக்கு மேலே, பஸ் மூணு மணி நேரம். மகளுக்கு இது கடைசி வருஷம். யார் அவளுக்குப் பொங்கிப் போடுவது, எந்த வீட்டில் விடுவது. ஒரு பக்கம் அது. இன்னொரு பக்கம் லிங்கதுரை. இடுப்பில் கயிறு, வாயில் பீடி இல்லை, பீடியை விட்டு ரெண்டு வருஷம் ஆகிறது, இப்போது வாயில் எந்நேரமும் ஏலக்காய். பொண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள் என்று போன மாசம் இங்கே வந்து பூந்தி கொடுத்தான். பூந்தி மேஜையில் சிந்தினது, எறும்பு வந்தது, அதைத் துடைத்தது எல்லாம் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது. வேண்டியது மட்டும் இல்லை.

மறுபடியும் பெட்டி முன்னால் வந்து நின்றாள். இரும்பு ஜில்லென்று இருந்தது. இந்த சார்ஜ் என்கிற வார்த்தை முதல் முதலில் எப்போது காதில் விழுந்தது? ஆறு வயசில். அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தார். ஒரு நாள் ஸ்ட்ரைக் என்று போனவர் சட்டை கிழிந்து வந்து குப்புறப் படுத்தார். முதுகில் நாலு வரி, கத்தரிக்காய் நிறத்தில். வாசலில் கூடினவர்கள் எல்லாரும் லத்தி சார்ஜ், லத்தி சார்ஜ் என்றார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் அப்போதுதான் ரேடியோ பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். அவளுக்கு அந்த ஒரு சார்ஜ்தான் தெரியும். போலீஸ் கம்பில் கரண்ட் இருக்கிறது, அது அப்பா முதுகில் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அம்மா காப்பி கொடுத்துவிட்டு வரச் சொன்னால், டம்ளரைத் தரையில் வைத்துத் துடைப்பக் குச்சியால் அப்பா பக்கம் தள்ளினாள். அப்பா தலையைத் திருப்பிப் பார்த்தார். “ஏந்தாயி தள்ளி நிக்க?” ஷாக் அடிக்கும்ப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. ரெண்டு நாள் அவரைத் தொடவில்லை. அந்த ரெண்டு நாளை இப்போது நினைத்தாலும் கை எதையாவது தொடணும் என்று துறுதுறுக்கிறது. துறுதுறுத்த கையில் இருந்தது கைப்பிடி. வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். அப்புறம் ஆஸ்பத்திரி. வீட்டுக்காரருக்கு மஞ்சக்காமாலை. நாளைக்கு டிஸ்சார்ஜ்மா என்று நர்ஸ் சொன்னாள், நல்ல பொண்ணு, பல் தெரியச் சிரிப்பாள். இவள் அவர் சட்டையைத் துவைத்து, மடித்து, தலையணைக்கு அடியில் வைத்து அழுத்தினாள், இஸ்திரி போட்ட மாதிரி இருக்கட்டும் என்று. விடிகாலையில் அவர் போய்விட்டார். அந்தச் சட்டையைத்தான் போட்டுக் கொண்டுபோனார்கள். வேலைக்கு வந்த முதல் நாள் இங்கே ஒரு நீளக் கம்பைக் காட்டி, இது டிஸ்சார்ஜ் ராடு என்றார்கள். அவளுக்குத் தலை சுற்றியது. அணைத்த பிறகும் கம்பியில் கொஞ்சம் மிச்சம் நிற்குமாம், அதை இந்தக் கம்பால் தொட்டு மண்ணுக்கு இறக்கிவிடணுமாம். அணைஞ்சதை நம்பாதே தாயி என்று திரவியம் அண்ணாச்சிதான் சொல்லிக் கொடுத்தார். பாரம் ஏத்துவது சார்ஜ், இறக்குவது டிஸ்சார்ஜ். அப்படியென்றால் அந்த விடிகாலையில் யார் எதை யார் தலையில் இறக்கினார்கள்? போதும். நிறுத்து. மணி ரெண்டு நாற்பத்திரெண்டு.

போன் போட்டுக் கேட்டால் தீர்ந்தது, இதுக்கு ஏன் இந்தப் பாடு என்பீர்கள். போடாமலா இருந்தாள். தன் செல்போனில் திரவியத்தைக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. அணைத்து வைக்கிற ஆள் இல்லை அவர்; இவள் டியூட்டிக்கு வந்து நுழைந்ததுமே, பாட்டரி போச்சு தாயி, அரை மணிக்கு மேல சார்ஜ் நிக்கல்ல என்று புலம்பினார், அது இன்றைக்குத்தான், அது உறுதி. இது உறுதியாக இருக்கிறதே, அது ஏன் உறுதியாக இல்லை. ஆவுடையைக் கூப்பிட்டாள். முழு ரிங்கும் போய் நின்றது. பைக்கில் போய்க்கொண்டிருப்பான், போன் சாமான் பைக்குள் ஸ்பானரோடு கிடந்து அதிரும். அவனிடம் கேட்டும் புண்ணியமில்லை. லிங்கதுரை ஏறினானா என்று ஆவுடைக்கே தெரிந்திருக்காது, லிங்கதுரை பேசியிருந்தால் திரவியத்தோடு பேசியிருப்பான். கடைசியாக லிங்கதுரையைக் கூப்பிட்டாள். அதுவும் முழு ரிங் போயிற்று. எடுக்கவில்லை. எடுக்காததை எப்படி எடுத்துக்கொள்வது? தூங்குகிறவனும் எடுக்கமாட்டான், பைக்கில் பையைத் தொங்கவிட்டுவிட்டு மேலே நிற்கிறவனும் எடுக்கமாட்டான். மறுபடி போட்டாள். ரிங் போகப் போக, மேலே நிற்கிறவன் இந்தச் சத்தம் கேட்டுக் குனிந்து பார்க்கிறதாகவும், குனிந்ததில் தோள் கம்பியில் உரசுகிறதாகவும் ஒரு காட்சி. பயந்துபோய் கட் பண்ணினாள். கம்பியில்தான் இப்போது ஒன்றும் இல்லையே, உரசினால் உரசட்டுமே. இல்லாமல் இருப்பதே நான் போடாததால்தானே.

மறுபடி மேஜைப் போன். ரெண்டு நாற்பத்தேழு. “என்னம்மா நினைச்சுக்கிட்டு இருக்கீங்க? சித்திரை மாசம் பட்டது பத்தலையா?” “சார், ஒரு பத்து நிமிஷம் சார்.” “உங்க நோட்டுல என்ன இருக்கு?” “ஆவுடை வாங்கினது, ஆவுடை திருப்பினது சார்.” “அப்புறம்? நோட்டுல இல்லாத ஆளு எப்படிம்மா கம்பத்துல இருப்பான்?” அவர் புதுசு, அவருக்கு நோட்டுதான் லைன். நோட்டில் இல்லாமலும் ஆள் ஏறுவான் சார், நாங்களே விட்டுக்கொடுத்து வளர்த்த பழக்கம் சார் என்று சொன்னால், திரவியம் அண்ணாச்சி தலையும் சேர்ந்து உருளும். ஒன்பது வருஷம் சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சி என்று கேட்டுக்கொண்ட தன் தலையும் உருளும். “நான்தானே இங்க இன்சார்ஜ்? நான் சொல்றேன், என் பொறுப்பு. போடுங்க.” வைத்துவிட்டார். என் பொறுப்பு. வாயால் சொல்லியாயிற்று, அதுவும் நோட்டில் வராது. ஆனால் எவ்வளவு இதமான சொல். பாரத்தை வேறொருத்தர் தோளுக்கு மாற்றிக்கொண்ட மாதிரி. அவள் ஒரு நிமிஷம் நிஜமாகவே லேசானாள். போடலாம். அவர் சொன்னார், நான் போட்டேன். கை மூணாவது தடவையாகக் கைப்பிடிக்குப் போனது. விரல் ஒவ்வொன்றாக மடங்கினது. ஏலக்காய். ஏன் ஏலக்காய் வாசம் வருகிறது? இல்லை, வரவில்லை. வருகிறது. லிங்கதுரை இங்கே இல்லையே. சண்முகப்பிரியா காலையில் போட்ட டீயா? எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? பாரம் இறங்கவே இல்லை. அவர் தோளில் என்று பேர், இருக்கிறது இந்த மணிக்கட்டில்.

கையை எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்து பொத்தென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் ஒரு நோட்டு சரிந்து கீழே விழுந்தது. புகார் நோட்டு. கரண்ட் போனால் ஊர்க்காரர்கள் போன் பண்ணி வைவார்கள் இல்லையா, அதை எழுதுகிற நோட்டு: பேர், ஊர், போன் நம்பர், புகார். வசவை எழுத இடம் இல்லாததால் அதை மட்டும் எழுதுவதில்லை. அதைக் குனிந்து எடுத்தவள் அப்படியே குனிந்த வாக்கில் நின்றாள். நூத்தம்பது கம்பத்தை நான் ஒருத்தி எப்படிப் பார்ப்பேன் என்றுதானே இவ்வளவு நேரம் முட்டிக்கொண்டிருந்தேன். கம்பத்துக்குக் கம்பம் ஒரு கண் இந்த நோட்டுக்குள் கிடக்கிறதே. என்னை வைதவர்கள் அத்தனை பேரும் கம்பத்தடியில்தானே குடியிருக்கிறார்கள். விரலை வைத்துப் பாறைக்குளம் பேர்களாகத் தேடி, தன் செல்போனில் போட ஆரம்பித்தாள். ஐஸ் கம்பெனிக்காரர் இவள் பேரைக் கேட்டதும் கட் பண்ணிவிட்டார், அது நியாயம்தான். கோழிப்பண்ணை அம்மா வெளியே வந்து சுற்றிப் பார்த்து, “எங்க பக்கம் ஏழு கம்பமும் சும்மாத்தான் நிக்கி. ஃபேன் இல்லாம கோழி வாயைப் பொளக்குது, அதையும் எழுதிக்கோ” என்றாள். எழுதிக்கொண்டாள். ரெண்டு அம்பத்திரெண்டு. அடுத்தது மாவு மில் ஜெபமணி. கரண்ட் போன அஞ்சாவது நிமிஷம் போன் போடுகிறவர், ஊரிலேயே பெரிய வாய்.

“ஜெபமணி அண்ணாச்சியா? சப்ஸ்டேஷன்லருந்து சங்கரவடிவு பேசுதேன்.” “ஏம்மா, ரெண்டு மணி நேரமா கரண்ட்டைப் பிடுங்கி வச்சுக்கிட்டு நீயே போன் போட்டுத் துக்கம் விசாரிக்கியா?” “அண்ணாச்சி, வையுறதை அப்புறம் மொத்தமா வையுங்க. ஆவுடை எல்.சி.யைத் திருப்பிட்டான், நான் கரண்ட் விடணும். வெளிய வந்து எந்தக் கம்பத்துலயாச்சும் ஆள் நிக்கானான்னு பாத்துச் சொல்லுங்க.” “எந்தக் கம்பத்துல?” “உங்க கண்ணுக்குத் தெரியுத அத்தனையிலயும்.” “நான் மாவு அரைக்கவா, உனக்குக் கம்பம் எண்ணவா?” “கரண்ட் இல்லாம எதை அரைப்பீக?” அது அவருக்கு உறைத்தது போலிருக்கிறது. செருப்புச் சத்தம் கேட்டது. மில் வாசலில் ஊற வைத்த அரிசியோடு காத்துக்கிடந்த பொம்பளைகள் குரல் கலகலவென்று வந்தது. என்னவாம், ஏதாம் என்கிறார்கள். அவர் சொல்கிறார். அதில் ஒருத்தி, “சுடுகாட்டுப் பாதையில ஒரு பைக்கு நிக்கி, பை தொங்குது. வரும்போது பாத்தேன். ஆளைக் காணல்ல” என்கிறது தெளிவாகக் கேட்டது. “இரி, லைன்லயே இரி, வச்சுராதே” என்றார் ஜெபமணி. மொபெட்டை மிதிக்கிற சத்தம். அப்புறம் வெறும் காற்று. காற்றும் மொபெட்டும் அவர் முணுமுணுப்பும். சங்கரவடிவு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். இன்னும் எவ்வளவு தூரம்? சுடுகாட்டுப் பாதை எந்தப் பக்கம்? டேங்க் மோட்டார் அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? ஒன்பது வருஷமாக அந்த ஊரை அணைத்து எரிய விடுகிறாள், ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. பைக் வேறு யாருடையதாகவும் இருக்கலாம். கம்பத்தில் யாருமில்லாமலும் இருக்கலாம். யாருமில்லை என்றால் நிம்மதியா, மெமோவா? யாராவது இருந்துவிட மாட்டானா என்று மனசு ஒரு கணம் ஆசைப்பட்டது, தன்னைக் காப்பாற்ற. அந்த ஆசையைக் கண்டு அவளுக்குக் கூசிற்று.

ரெண்டு அம்பத்தேழுக்கு மேஜைப் போன் அடித்தது. அதே நேரம் செல்போனில் மொபெட் நின்றது. அவள் வலது கையால் ரிசீவரை எடுத்து ஒரு காதில் வைத்தாள், மறு காதில் செல்போன். இந்தக் காதில் ஏ.இ. சார்: “ஆபீஸர் மேடைக்கு வந்துட்டார்மா. இது கடைசித் தடவை. இது ஆர்டர். இப்ப சார்ஜ் பண்றீங்களா, ரெண்டாவது மெமோவை டைப் பண்ணச் சொல்லவா?” அந்தக் காதில் ஜெபமணி, மேல்மூச்சு வாங்க: “எம்மா, நிக்கான். உச்சியில நிக்கான். போட்டுராதே தாயி, போட்டுராதே.” பிறகு போனை விட்டு முகத்தைத் தூக்கி அவர் கத்துகிறார்: “லே லிங்கதுரை, ஆவுடை எல்.சி.யைத் திருப்பிட்டானாம், இறங்குலே கீழ.” உயரத்திலிருந்து, தூரத்தில், ஒன்றும் தெரியாத ஒரு குரல்: “இருங்க அண்ணாச்சி, இன்னும் ரெண்டே போல்ட்டு. ஆவுடை இன்னும் குடுத்திருக்க மாட்டான்.” “என்னம்மா, கேக்குதா இல்லையா?” என்றார் ஏ.இ. சார். செல்போனைக் காதிலிருந்து எடுத்தாள், ஸ்பீக்கரை அமுக்கினாள், ரிசீவரில் பேசுகிற பக்கத்தோடு அதைச் சேர்த்து வைத்து, ரெண்டையும் ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.